நெல்லையில் ஓட்டல் சாப்பாடு நோயைத் தந்தால்: இழப்பீடு கேட்கும் வழி

கொழும்பிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வந்து பாளையங்கோட்டைப் பக்கம் வீடு பிடிப்பவர்கள், சமையலறை ஒழுங்காகும்வரை ஓட்டல் சாப்பாட்டையே நம்பியிருப்பார்கள். பெரும்பாலும் தொல்லை வராது. ஆனால் இரவு வாங்கிய பரோட்டாவும் சால்னாவும் விடிவதற்குள் வீட்டிலுள்ளோரை வாந்தி பேதியில் தள்ளிவிட்டால், இங்குள்ள சட்டம் உங்களுக்கும் துணை நிற்கும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நீங்கள் பணம் கொடுத்து வாங்கினீர்களா என்று பார்க்கிறதே தவிர, எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்பதில்லை.

வழக்கின் பலம் முதல் இரண்டு நாள்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குச் சென்றாலும் தனியாரிடம் சென்றாலும், எங்கே, என்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், முதல் வாந்தி எப்போது வந்தது, உடன் உண்டவர்களில் யார் யாருக்கு உடம்பு சரியில்லை என்பவற்றைச் சொல்லி, சீட்டில் எழுதித் தருமாறு மருத்துவரைக் கேளுங்கள். வெறுமனே ‘வயிற்றுப்போக்கு’ என்றிருக்கும் சீட்டு பின்னர் அதிகம் உதவாது. ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமியின் நச்சு அரை மணியிலிருந்து 8 மணி நேரத்துக்குள் வாந்தியைக் கிளப்பிவிடும். சால்மோனெல்லா என்ற கிருமிக்கோ 6 மணி நேரம் முதல் 6 நாள்வரை ஆகலாம். ஆகவே கடைசியாகச் சாப்பிட்ட கடைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைப்பதும் இந்த இடத்தில்தான். ஆன்டிபயாடிக் தொடங்குமுன் மலம் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுக்கப்பட்டால் கிருமி எதுவென்று தெரியவரும்.

பில் இல்லையெனில் ஜிபே (கூகுள் பே) பதிவு போதும். மிஞ்சிய சால்னாவைப் பொட்டலத்தோடு ஃப்ரிட்ஜில் வைக்கலாம். ஆனால் சட்டப்படி எடுத்த மாதிரிக்குரிய மதிப்பு அதற்குக் கிடைக்காது. கடைக்குச் சென்று மாதிரி எடுக்க வேண்டியவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர் என்பதால், அன்றைக்கே உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் கொடுத்துவிடுங்கள்; மறுநாள் பாத்திரத்தில் புதுச் சால்னாதான் இருக்கும். குற்றாலத்தில் சாப்பிட்டிருந்தால் அது 2019 முதல் தென்காசி மாவட்டம். அங்குள்ள அலுவலரே விசாரிப்பார்.

இந்தப் புகாரால் கடைக்கு அபராதம் விழலாம், ஆனால் உங்கள் மருத்துவச் செலவு தானாகத் திரும்பி வராது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், கொடுங்காயத்துக்கு 3 லட்சத்துக்கு மிகாமலும், பிற பாதிப்புகளுக்கு 1 லட்சத்துக்கு மிகாமலும் இழப்பீடு வழங்க இடமளிக்கிறது. பெரும்பாலான குடும்பங்களுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே நேரான வழி என்பது என் கருத்து. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, 2 ஆண்டுகளுக்குள், வக்கீல் இல்லாமலும் மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமில்லை, பரோட்டாவுக்கு அவ்வளவு யார் கொடுக்கப்போகிறார்கள்! மருத்துவச் செலவு, இழந்த சம்பளம், மன உளைச்சல் ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிப்பிட்டு ரசீதுகளை இணையுங்கள்.

இதற்கிடையே கடைக்கார அண்ணாச்சி வீடு தேடி வந்து, செலவைத் தந்துவிடுகிறேன், பேசி முடித்துக்கொள்வோம் என்று கேட்கக்கூடும். ஒரு நாள் பேதியோடு போயிருந்தால் ஏற்பதில் தவறில்லை. யாரேனும் இன்னும் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தால், ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிய தாளில் நோயாளி வீடு திரும்பும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.