பழைய கார் வாங்கும் முன் வின் நம்பரைப் படியுங்கள்

புதிய நாட்டுக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது ஒரு பழைய கார். விற்பவர் பேசட்டும், நீங்கள் வின் நம்பரைப் பாருங்கள். சேசிஸ் நம்பர் என்று நாம் சொல்லிப் பழகியது அதுதான்.

ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 17. ஐ, ஓ, கியூ மூன்றும் வராது, ஒன்றோடும் சைபரோடும் குழம்பும் என்பதால். முதல் இடம் தயாரான நாட்டைச் சொல்லும்: ஜே என்றால் ஜப்பான், கே தென்கொரியா, டபிள்யூ ஜெர்மனி, 2 கனடா, 1, 4, 5 அமெரிக்கா. பிராண்டை வைத்து ஊகிக்காதீர்கள். அமெரிக்கத் தொழிற்சாலையில் தயாரான பிஎம்டபிள்யூ எக்ஸ்5 வண்டியின் நம்பர் அமெரிக்காவில் பெரும்பாலும் 5 என்றே தொடங்கும். நடுவில் வருபவை மாடல், இன்ஜின் விவரங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை விட்டுவிடலாம்.

பணத்தைக் காப்பாற்றுவது 10வது இடம். வட அமெரிக்க வண்டிகளில் அது மாடல் ஆண்டு. ஜே 2018, கே 2019, எல் 2020, எம் 2021, என் 2022. (முதல் இடத்து ஜே வேறு, இந்த ஜே வேறு.) மாடல் ஆண்டும் வண்டி ரோட்டுக்கு வந்த ஆண்டும் ஒன்றல்ல. 2018 மாடல் ஷோரூமிலேயே நின்று 2019இல் பதிவாகியிருக்கலாம். விற்பவர் '2019 வண்டி' என்பார். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. ஜே என்று தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஐரோப்பிய வண்டிகளில் இந்த இடத்தை நம்ப முடியாது, அங்கே இது கட்டாயமில்லை.

9வது இடம் சோதனை எண். மற்ற 16 இடங்களையும் வைத்துக் கணக்குப் போட்டு வரும் விடை அது. 10 வந்தால் எக்ஸ் என்று இருக்கும். இதுவும் வட அமெரிக்காவில் கட்டாயம், ஐரோப்பாவில் அப்படியில்லை. கையால் கணக்குப் போட வேண்டாம், இணையத்தில் நம்பரைத் தட்டினால் பிழையைக் காட்டிவிடும். அமெரிக்காவில் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்; குறைபாட்டைச் சரிசெய்யக் கம்பெனி திரும்ப அழைத்த வண்டியா என்பதும் தெரியும்.

சரி, நேரில் போனால்? முன் கண்ணாடி வழியே டாஷ்போர்டு ஓரத்தில் தெரியும் தகடு, டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கர், பதிவுச் சான்று: மூன்றிலும் ஒரே நம்பர் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும், தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டில் சுரண்டல் தெரிந்தாலும் கிளம்பிவிடுங்கள். திருட்டு வண்டிக்கு வேறு வண்டியின் நம்பரை மாட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். போனிலேயே நம்பரைக் கேளுங்கள். தரத் தயங்கினால் போய்ப் பார்க்கவே வேண்டாம்.