லப்டொப்புக்குத் தானாக ஓடும் பேக்கப்: தொடக்கநிலைக்காரருக்கு

பேக்கப் என்றதும் பலர் ஒரு எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க்கை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுவிடுகிறார்கள். களனி ஆறு பெருகிக் கொலன்னாவைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறினால், லப்டொப்பும் லாச்சியும் சேர்ந்துதான் நனையும். ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். அது நம் ஞாபகத்தை நம்பாமல் தானாகப் போக வேண்டும்.

கூகுள் ட்ரைவில் கோப்புகளை ஒத்திசைப்பதும் பேக்கப்பும் ஒன்றல்ல. ஒத்திசைவில் இங்கே அழித்தது அங்கேயும் குப்பைக்குப் போகும், 30 நாளில் அடியோடு மறையும். அதனால் டூப்ளிகாட்டி (Duplicati) என்ற இலவச பேக்கப் மென்பொருளை எடுப்போம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

முதலில் எதைக் காப்பது என்று முடிவெடுங்கள். கூகுள் தரும் இலவச இடம் 15 ஜிபி, அதையும் ஜிமெயிலும் போட்டோஸும் பங்குபோடும். சினிமாப் படம், பாட்டு எல்லாம் வேண்டாம். பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன், பிள்ளைகளின் படங்கள், வேலைக் கோப்புகள் போதும்.

டூப்ளிகாட்டியை நிறுவியதும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் அதன் சின்னம் வரும். அதை அழுத்தினால் பிரவுசரில் திறக்கும். 'ஆட் பேக்கப்' கொடுத்துப் பெயர் வையுங்கள். குறியாக்கம், அதாவது கோப்புகளை மற்றவர் படிக்காதபடி பூட்டும் முறை, ஏஇஎஸ்-256 (AES-256) ஆகவே இருக்கட்டும். அங்கே கேட்கும் கடவுச்சொல்தான் இந்த வேலையின் உயிர்நாடி. அது தொலைந்தால் டூப்ளிகாட்டியை எழுதியவர்களாலும் திறக்க முடியாது. தாளில் எழுதி, யாழ்ப்பாணத்தில் அக்கா இருந்தால் அவரிடம் ஒன்று கொடுத்து வையுங்கள். அதே லப்டொப்பில் நோட்பேட் கோப்பாக மட்டும் வைக்காதீர்கள்!

அப்புறம் சேமிக்கும் இடமாகக் கூகுள் ட்ரைவைத் தேர்ந்து, ஒரு ஃபோல்டர் பெயர் கொடுத்து, 'ஆத்ஐடி' (AuthID) இணைப்பை அழுத்தி உங்கள் கணக்கால் அனுமதி கொடுங்கள். அடுத்த பக்கத்தில் காக்க வேண்டிய ஃபோல்டர்களில் டிக் போடுங்கள்.

நேரம் குறிப்பதில்தான் நம்மூர்க் கணக்கு வருகிறது. இரவு டேட்டா தனியாகக் கிடைக்கும் பக்கேஜ் என்றால் அந்த நேரத்துக்குள் வையுங்கள், லப்டொப் உறங்காதபடி பவர் அமைப்பையும் மாற்றுங்கள். அந்த நேரத்தில் லப்டொப் அணைந்திருந்தால், அடுத்து போட்டதுமே தவறிய பேக்கப் ஓடத் தொடங்கும், பகல் டேட்டாவைத் தின்னும். அப்லோட் வேகம் 5 எம்பிபிஎஸ் என்றால் 10 ஜிபி ஏற நாலரை மணித்தியாலம் பிடிக்கும். முதல் இரவு ஆவணங்கள் மட்டும், படங்களை அடுத்தடுத்த இரவுகளில் சேர்த்தால், இடையில் கரண்ட் போனாலும் பெரிய தலையிடி இல்லை. பிறகு மாறிய பகுதிகள் மட்டும்தான் ஏறும்.

கடைசிப் பக்கத்தில் 'ஸ்மார்ட் பேக்கப் ரிடென்ஷன்' என்பதைத் தேர்ந்தால் பழைய பிரதிகளை அதுவே குறைத்துக்கொள்ளும். சேமித்து, 'ரன் நவ்' அழுத்துங்கள்.

சரி, மீட்டுப் பார்க்காமல் இதை நம்ப வேண்டாம். வேறொரு கணினியில் டூப்ளிகாட்டியை நிறுவி, 'ரிஸ்டோர்' போய், பேக்கப் கோப்புகளிலிருந்து நேரடியாக மீட்கும் வழியைத் தேர்ந்து, அதே கணக்கு, அதே ஃபோல்டர், தாளில் எழுதிய கடவுச்சொல் மூன்றையும் கொடுங்கள். ஒரு படத்தை மட்டும் எடுத்துத் திறந்து பாருங்கள். கடவுச்சொல் பிழை என்று வந்தால், தாளில் பெரிய எழுத்து எது, சிறிய எழுத்து எது என்று முதலில் பாருங்கள்.