பியர்டட் டிராகன் கூண்டுக்கு மணல் வேண்டாம், டைல்ஸ் போதும்

பியர்டட் டிராகன் என்ற பெரிய பல்லி வகையை வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் தரையில் மணலுக்குப் பதிலாக, சொரசொரப்பான மேட் டைல்ஸை அளவாக வெட்டிப் போடுங்கள். டைல்ஸ் கடையில் மிச்சம் மீதி விழும் துண்டுகளே போதும்.

இரையைக் கவ்வும்போது மணலும் சேர்ந்து வாய்க்குள் போகும். அது குடலில் அடைத்துக்கொண்டால் குட்டிகளுக்கு உயிருக்கே ஆபத்து. கால்சியம் மணல் என்று விற்பதும் இதற்கு விலக்கல்ல. டைல்ஸில் அந்தப் பயம் இல்லை. மேலே எரியும் விளக்கின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நகமும் தானாகத் தேயும். எச்சத்தை ஒரு துணியால் வழித்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் வேலை முடிந்தது. ஃபினாயில் மட்டும் கூடவே கூடாது, ஊர்வனவற்றுக்கு அது விஷம். விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். இடுக்கில் இரையாக விடும் வெட்டுக்கிளி புகாதபடி துண்டுகளை நெருக்கிப் போடுங்கள்.

வழவழப்பான பளபள டைல்ஸ் உதவாது, கால் வழுக்கும். முட்டையிடும் பருவத்தில் இருக்கும் பெண் பல்லிக்கு, ஆண் துணை இல்லாவிட்டாலும், தோண்டுவதற்கு ஈரமான மண்ணும் மணலும் கலந்த ஆழமான தொட்டி தனியாக வேண்டும். இல்லையென்றால் முட்டை வயிற்றிலேயே தங்கிவிடக்கூடும். உடம்பு சரியில்லாத பல்லிக்கு டைல்ஸைவிட டிஷ்யூ பேப்பர் நல்லது: எச்சத்தின் நிறமும் ஈரமும் பளிச்சென்று தெரியும், தினமும் மாற்றிவிடலாம்.