இஸ்ரேலை விமர்சிக்கிறோமா, யூதர்களை வெறுக்கிறோமா? பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் சித்தப்பா ஒரு நாள் காலை காஸாவில் இடிபாட்டுக்குள்ளிருந்து தூக்கிவரப்பட்ட ஒரு குழந்தையின் படத்தைப் போட்டார். மதியம் இன்னொரு படம் போட்டார். கறுப்பு வெள்ளையில் ஹிட்லர், கீழே தமிழில் இரண்டு வரி: 'எல்லா யூதர்களையும் கொன்றிருப்பேன், ஆனால் ஏன் கொன்றேன் என்று உலகம் தெரிந்துகொள்ளட்டும் என்று சிலரை விட்டுவைத்தேன்.' நீங்களும் இதைப் பார்த்திருப்பீர்கள். ஹிட்லர் இப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. போன் போட்டுச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அப்போ அந்தக் குழந்தைங்களுக்காக எதுவுமே பேசக் கூடாதாப்பா?"

பேச வேண்டும், அழுத்தமாகவே பேச வேண்டும். எப்படிப் பேசினால் வழி தவறிவிடும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தத் தவறுகளை இஸ்ரேலை எதிர்ப்பவர்களும் செய்கிறார்கள், ஆதரிப்பவர்களும் செய்கிறார்கள்.

சித்தப்பாவின் படத்திலேயே பெரிய தவறு இருக்கிறது. ஹிட்லர் செத்தது 1945-ல், இஸ்ரேல் என்ற நாடு உருவானது 1948-ல். ஆக, இருந்திராத ஒரு அரசின் குற்றத்துக்காக, அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத 60 லட்சம் பேர் கொல்லப்பட்டது சரிதான் என்கிறது அந்தப் படம். போலந்து கிராமத்துத் தையற்காரரும் ஆம்ஸ்டர்டாம் பள்ளிக்கூடப் பிள்ளையும் அந்த 60 லட்சத்தில் அடக்கம். ஒரு அரசு செய்வதற்கு ஒரு இனத்தையே பொறுப்பாளி ஆக்குவதுதான் இதிலுள்ள தவறு. இது வெறும் பேச்சோடு நிற்பதில்லை. 2012 மார்ச்சில் பிரான்ஸின் துலூஸ் நகரத்தில் ஒருவன் ஒரு யூதப் பள்ளிக்கூட வாசலில் ஆசிரியர் ஒருவரையும் மூன்று சிறு பிள்ளைகளையும் சுட்டுக் கொன்றான். பாலஸ்தீனக் குழந்தைகளுக்காகப் பழிவாங்கினேன் என்று காரணம் சொன்னான். அந்தப் பிள்ளைகள் எந்த நாட்டு ராணுவத்தில் இருந்தார்கள்?

அப்புறம், "அரேபியர்களும் செமிட்டிக் இனம்தானே, அவர்கள் எப்படி செமிட்டிக் எதிர்ப்பாளர்கள் ஆவார்கள்?" என்று ஒரு வாதம் வரும். இதில் நேரத்தை வீணாக்காதீர்கள். செமிட்டிக் என்பது அரபி, ஹீப்ரு, அம்ஹாரிக் எல்லாம் அடங்கிய மொழிக் குடும்பத்தின் பெயர். ஆனால் 'ஆன்டிசெமிட்டிசம்' என்ற சொல்லை ஜெர்மனியில் 1879 வாக்கில் பரப்பியவர் வில்ஹெல்ம் மார். யூதர்களை வெறுப்பதற்கு அறிவியல் சாயம் பூசத்தான் அதைக் கையில் எடுத்தார். அந்தச் சொல் பிறந்த நாளிலிருந்து அதற்கு யூத வெறுப்பு என்ற ஒரே பொருள்தான். தமிழில் யூத வெறுப்பு என்றே சொல்லிவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

அடுத்தது கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம். அந்த 60 லட்சம் யூதர்களை நாஜிகள் கொன்றதைத்தான் ஹோலோகாஸ்ட் என்கிறோம். சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டமைப்பு, சுருக்கமாக ஐஎச்ஆர்ஏ, 2016 மே மாதம் புகாரெஸ்ட் நகரில் கூடி யூத வெறுப்புக்கு ஒரு வரையறையை ஏற்றுக்கொண்டது. இன்று உலகம் முழுக்க நடக்கும் சண்டை இதைச் சுற்றித்தான். சண்டை போடுகிறவர்களில் பலர் அதைப் படித்ததே இல்லை என்பதுதான் என் வருத்தம். அது இரண்டு பக்கம்கூட வராது. 'யூதர்களைப் பற்றிய ஒரு குறிப்பிட்ட பார்வை, அது வெறுப்பாக வெளிப்படலாம்' என்று தொடங்குகிறது. எந்தப் பார்வை என்று சொல்லவில்லை. அதனால் முழுப் பாரமும் கீழே கொடுத்திருக்கும் 11 உதாரணங்கள் மேல் விழுகிறது, அவற்றில் 7 இஸ்ரேல் தொடர்பானவை.

"இந்த வரையறைப்படி இஸ்ரேலை விமர்சிக்கவே கூடாது" என்பார்கள் சிலர். தவறு. மற்ற எந்த நாட்டையும் விமர்சிப்பது போல இஸ்ரேலை விமர்சித்தால் அது யூத வெறுப்பாகாது என்று அந்த வரையறையே சொல்கிறது. உதாரணங்களும் 'முழுச் சூழலையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் யூத வெறுப்பாக இருக்கக்கூடும்' என்ற தொனியில்தான் இருக்கின்றன. சட்டப்படி கட்டுப்படுத்தாதது என்றும் போட்டிருக்கிறார்கள். ஆனால் எதிர்த்தரப்பு செய்வது இன்னும் மோசம். 'இருக்கக்கூடும்' என்பதை 'இருக்கிறது' என்று மாற்றிப் படித்து, ஒரு மாணவர் கூட்டத்தையோ பேராசிரியரின் கட்டுரையையோ உதாரணப் பட்டியலில் வைத்து டிக் அடிக்கிறார்கள். ஆகா, நான்காவது உதாரணம் பொருந்துகிறது, முடிந்தது கதை!

இதை எதற்காக எழுதினார்கள் என்று பார்த்தால் இதன் விபரீதம் புரியும். இதன் மூல வடிவம் 2005-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்பு மையம் ஒன்று வெளியிட்டது. ஒவ்வொரு நாட்டிலும் யூதர்கள் மீதான தாக்குதலை ஒவ்வொரு விதமாகக் கணக்கெடுத்ததால் ஒப்பிட முடியவில்லை, கணக்கெடுப்பவர்களுக்குப் பொதுவான ஒரு அளவுகோல் வேண்டியிருந்தது. அதை எழுதியதில் முதன்மையானவர் கென்னத் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க யூத வழக்கறிஞர். 2019 டிசம்பரில் டிரம்ப், கல்வி நிலையங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தோடு இந்த வரையறையை இணைத்து ஓர் ஆணை போட்டபோது, பல்கலைக்கழகத்தில் பேச்சைக் கட்டுப்படுத்த எழுதியது அல்ல இது என்று அந்த ஸ்டெர்னே பகிரங்கமாக எதிர்த்தார். எழுதியவர் சொல்லியும் நிற்கவில்லை. 2024 மே 1-ம் தேதி அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அதே நோக்கத்தில் ஒரு மசோதாவை 320-க்கு 91 என்ற வாக்கில் நிறைவேற்றியது.

ஒரு உதாரணத்தை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். 'இஸ்ரேல் என்றொரு நாடு இருப்பதே இனவெறி முயற்சி என்று சொல்லி, யூத மக்களின் சுயநிர்ணய உரிமையை மறுப்பது' என்கிறது அது. ஹோலோகாஸ்ட்டில் தப்பித்தவரின் பேத்திக்கு இந்த வரி ஏன் முக்கியம் என்பது எனக்குப் புரிகிறது. உலகத்தில் யாருக்கும் மறுக்காத உரிமையை எங்களுக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள் என்று அவள் கேட்கலாம். சரி, 1948-ல் வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட அல்லது ஓடிப்போன 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்களில் ஒருவரின் பேரன் தன் தாத்தாவின் கதையை எப்படிச் சொல்வது? அந்த நாடு உருவான விதமே எங்களைப் பிடுங்கி எறிந்ததுதான் என்று அவன் சொன்னால் அது யூத வெறுப்பா? அவனுக்கு அது தாத்தா விட்டுவந்த வீட்டின் சாவியைப் பற்றிய பேச்சு. அவன் யூதர்களை யூதர்கள் என்பதற்காக வெறுக்கிறானா என்பதைத்தான் பார்க்க வேண்டும், அதைப் பட்டியல் கண்டுபிடித்துத் தராது.

நம் பக்கம் நடக்கும் இன்னொரு தவறுக்கு பிரிட்டனின் தொழிற்கட்சி நல்ல பாடம். யாராவது யூத வெறுப்பு என்று புகார் சொன்னதும் "இது இஸ்ரேலைக் காப்பாற்றுவதற்கான சூழ்ச்சி" என்று காதை மூடிக்கொள்வதுதான் அந்தத் தவறு. 2012-ல் கிழக்கு லண்டனில் ஒரு சுவரோவியம் வரையப்பட்டது. கோட்டு போட்ட கிழவர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பண விளையாட்டு ஆடுகிறார்கள், மேஜையோ குனிந்து கிடக்கும் மனிதர்களின் முதுகில் நிற்கிறது. முதலாளித்துவத்தைப் பற்றியது என்றார் ஓவியர். ஆனால் அந்தக் கிழவர்களில் சிலரின் வளைந்த பெரிய மூக்கைப் பாருங்கள். நாஜிகளின் பத்திரிகைகள் யூதர்களை வரைந்தது அப்படித்தான். ஓவியத்தை அழிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஏன் அழிக்க வேண்டும் என்று கேட்டவர்களில் ஜெரமி கோர்பினும் ஒருவர். 2018-ல், கட்சித் தலைவராக இருந்தபோது இது வெளியே வந்தது. படத்தைச் சரியாகப் பார்க்காமல் விட்டதற்கு வருந்துவதாகச் சொன்னார். அவர் வருத்தத்தை நான் நம்புகிறேன். ஆனால் அந்தப் படத்தில் இஸ்ரேலும் இல்லை, பாலஸ்தீனமும் இல்லை. 1903-ல் ரஷ்யாவில் அச்சான 'யூதப் பெரியவர்களின் சதித் திட்டம்' என்ற போலி ஆவணம் சொன்ன அதே கதைதான் இருந்தது: உலகத்தின் பணத்தைச் சில யூதர்கள் ஆட்டிவைக்கிறார்கள். அது போலி என்று லண்டன் டைம்ஸ் 1921-லேயே அம்பலப்படுத்தியது, கதை மட்டும் சாகவில்லை.

சுவரோவிய விவகாரம் வெளிவந்த அதே 2018-ல் தொழிற்கட்சி ஐஎச்ஆர்ஏ உதாரணங்களில் சிலவற்றை விட்டுவிட்டுத் தனக்கென ஒரு விதியை எழுதியது, பெரும் எதிர்ப்புக்குப் பிறகு செப்டம்பரில் 11-ஐயும் ஏற்றது. வரையறையை ஏற்றதோடு பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 2020 அக்டோபரில் பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமை ஆணையம், தொழிற்கட்சி நாட்டின் சட்டத்தை மீறியது என்று அறிக்கை கொடுத்தது. புகார்களைப் போலி, அவதூறு என்று தள்ளியதையும் அது துன்புறுத்தலில் சேர்த்தது. பிரச்சினையின் அளவை அரசியல் எதிரிகள் ஊதிப் பெருக்கினார்கள் என்று கோர்பின் அன்றைக்கே சொன்னார், அன்றைக்கே கட்சியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். ஊதிப் பெருக்கியவர்களும் இருந்திருக்கலாம். அதற்காகப் புகார் சொன்ன ஒவ்வொருவரும் பொய்யரா?

சியோனிச எதிர்ப்பும் யூத வெறுப்பும் ஒன்றேதான் என்பது மறுபக்கத்துத் தவறு. பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கென ஒரு தாயகம் வேண்டும் என்ற கொள்கைதான் சியோனிசம். இதற்கு நமக்குத் தெரிந்த ஒரு பெயரையே சொல்கிறேன். பள்ளிப் புத்தகத்தில் மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம் என்று படித்தோமே, 1920-ல் சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வர வழிசெய்த சட்டம், அதே எட்வின் மாண்டேகுதான். 1917-ல் இந்திய மந்திரியாக இருந்த அவர் பிரிட்டிஷ் அமைச்சரவையில் இருந்த ஒரே யூதர். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் தருவதாக பால்ஃபர் அறிவிப்பு தயாரானபோது அதைக் கடுமையாக எதிர்த்தவரும் அவர்தான். இந்தக் கொள்கையே யூத வெறுப்பில் போய் முடியும், எங்களைச் சொந்த நாட்டிலேயே அந்நியர் ஆக்கிவிடும் என்று குறிப்பு எழுதிக் கொடுத்தார். 1897-ல் வில்னாவில் தொடங்கிய யூதத் தொழிலாளர் அமைப்பான புண்டும் சியோனிசத்தை ஏற்கவில்லை. இவர்களையெல்லாம் யூத விரோதிகள் என்பதா?

ஆனால் சியோனிஸ்ட் என்ற சொல்லை முகமூடியாகப் போட்டுக்கொண்டு வருபவர்களும் உண்டு. 'சியோனிஸ்டுகள்தான் வங்கிகளை, சினிமாவை, ஊடகத்தை நடத்துகிறார்கள்' என்று ஒரு பதிவு வந்தால், அந்தச் சொல்லை எடுத்துவிட்டு யூதர்கள் என்று போட்டுப் படியுங்கள். 1903-ன் அதே வாசகம் வந்து நிற்கும். 'மேற்குக் கரையில் குடியேற்றங்களைக் கட்டும் இஸ்ரேல் அரசு' என்பதில் அப்படி மாற்றிப் போட முடியாது, அர்த்தமே கெட்டுவிடும். எனக்கு இந்தச் சோதனை நிறைய உதவியிருக்கிறது.

வேறு வரையறையும் இருக்கிறது. 2021 மார்ச்சில் சுமார் 200 அறிஞர்கள் ஜெருசலேம் பிரகடனம் என்று ஒன்றை வெளியிட்டார்கள். யூதர்களை யூதர்கள் என்பதற்காகப் பாகுபடுத்துவது, வெறுப்பது, தாக்குவது என்று நேராகச் சொல்கிறது. இஸ்ரேலைப் புறக்கணிக்கும் இயக்கம் தன்னளவில் யூத வெறுப்பு அல்ல என்கிறது. எனக்கு இதுதான் தெளிவாகப் படுகிறது, குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக ஹிட்லர் ஒப்பீடு. நெதன்யாகுவை ஹிட்லர் என்று எழுதுவது ரொம்ப சுலபம், அதனால்தான் சொல்கிறேன், விட்டுவிடுங்கள். அப்படி எழுதியதும் பேச்சு காஸாவை விட்டு ஒப்பீடு சரியா தவறா என்பதற்குப் போய்விடும். அதைவிட வலுவானவை நம் கையில் இருக்கின்றன. 2023 டிசம்பரில் தென்னாப்பிரிக்கா இனப்படுகொலை ஒப்பந்தத்தின் கீழ் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2024 நவம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் நெதன்யாகுவுக்கும் அவருடைய முன்னாள் பாதுகாப்பு அமைச்சருக்கும் பிடியாணை பிறப்பித்தது, பட்டினியைப் போர் ஆயுதமாக்கியதும் அந்தக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதே நாளில் ஹமாஸ் தளபதி ஒருவருக்கும் பிடியாணை வந்தது. குற்றம் என்ன, யார் மீது என்று பெயரோடு இருக்கிறது.

சித்தப்பாவிடம் போனில் இவ்வளவும் சொல்ல முடியவில்லை, 1945, 1948 என்ற இரண்டு வருடங்களை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். படத்தை அவர் நீக்கவில்லை. ராத்திரி பார்த்தால் அந்தப் படத்தின் கீழே அவரே எழுதியிருக்கிறார்: "இது ஹிட்லர் சொன்னது இல்லையாம். காலையில போட்ட குழந்தை படம் உண்மை."