நிவாரண வரைபடத்தில் வீடு வரைவது எப்படி? கூரையை நம்பாதீர்கள்

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் நிலநடுக்கம் வந்தபோது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் காத்மாண்டு பள்ளத்தாக்கு ஓரளவு தயாராக இருந்தது. காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற உள்ளூர் வரைபடக் குழுவினர் முன்பே உழைத்திருந்தார்கள். கோர்க்கா, சிந்துபால்சோக் மலைக்கிராமங்கள் பலவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவற்றின் பாதைகளையும் வீடுகளையும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீட்டிலிருந்தே வரைந்தார்கள். அந்த வேலையைத்தான் இங்கே சொல்லித்தருகிறேன்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி, அதைக் கொண்டே, பேரிடர் நிவாரணத்துக்காக வரைபடம் வரையும் ஹாட் (HOT) அமைப்பின் டாஸ்கிங் மேனேஜர் என்ற வேலைப் பங்கீட்டுத் தளத்துக்குள் நுழையுங்கள். தொடக்க நிலைத் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் அறிவுறுத்தல்களை முழுக்கப் படியுங்கள். ஒரு திட்டம் வீடுகளை மட்டும் கேட்கும், இன்னொன்று சாலைகளை மட்டும். பிறகு, திட்டப் பகுதியைப் பிரித்திருக்கும் கட்டங்களில் ஒன்றை எடுத்தால் அது இரண்டு மணி நேரம் உங்கள் பெயரில் பூட்டியிருக்கும்.

வரைவதற்கு, உலாவியிலேயே திறக்கும் ‘ஐடி’ (iD) தொகுப்பி தொடக்கத்துக்குப் போதும். கைப்பேசியில் முயலவே வேண்டாம். லேப்டாப்பின் தொடுபலகையும் சரிப்படாது. மவுஸ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

எண் 3-ஐ அழுத்தி, வீட்டின் மூலைகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கி மூடுங்கள். வகை ‘கட்டடம்’. ‘கியூ’ விசையை அழுத்தினால் மூலைகள் செங்கோணமாகும். வட்டக் குடிசைக்கு ‘ஓ’ விசை.

இனிதான் புதியவர்கள் சறுக்கும் இடம். படத்தில் நாம் பார்ப்பது கூரையை. வரைபடத்துக்கு வேண்டியது தரையில் சுவர் நிற்கும் இடம். செயற்கைக்கோள் நேர் மேலிருந்து படம் எடுப்பது அபூர்வம். சாய்வாக எடுத்த படத்தில் மாடிக் கட்டடத்தின் ஒரு பக்கச் சுவர் தெரியும், கூரை மறுபக்கம் தள்ளியிருக்கும். அப்படியானால் தெளிவாகத் தெரியும் கூரையை வரைந்துவிட்டு, ‘எம்’ விசையை அழுத்தி அந்த வடிவத்தைச் சுவரடிக்கு நகர்த்துங்கள்.

இன்னொன்று, படமே இடம் மாறிக் கிடப்பது. பிங் என்ற படத்தொகுப்பைப் பார்த்து வரைந்த வீடு, எஸ்ரி என்ற இன்னொரு தொகுப்பில் பக்கத்து வயலில் நிற்கும். மலைப்பகுதியில் இந்த விலகல் சரிவுக்குச் சரிவு மாறும். ‘பி’ விசையில் வரும் பலகத்தில் ஜிபிஎஸ் தடங்களை (அங்கே பயணித்தவர்கள் பதிவேற்றிய வழிப்பதிவுகள்) இயக்குங்கள். தடங்கள் நெருக்கமாகச் செல்லும் சாலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதே பலகத்தின் அடியில் உள்ள விலகல் பெட்டியில் படத்தை இழுத்துப் பொருத்துங்கள். தடமே இல்லாத ஊரில், அங்கே முன்பு வரைந்தவர்களோடு ஒத்துப்போங்கள். அவர்கள் வரைந்ததையெல்லாம் உங்கள் படத்துக்காக நகர்த்தப் புறப்படாதீர்கள்.

சேமிக்கும்போது கருத்துப் பெட்டியில் தானாக வரும் திட்டத்தின் குறிச்சொல்லை (ஹேஷ்டேக்) அழிக்காதீர்கள். கட்டம் முடியவில்லையா? ‘முடியவில்லை’ என்றே குறித்துவிட்டு வாருங்கள், மற்றவர் தொடர்வார். கை பழகியதும், கணினியில் நிறுவி வரையும் ஜோசம் (JOSM) மென்பொருளுக்கு மாறுங்கள். அதன் கட்டடக் கருவியில் ஒரு பக்கத்தை இழுத்து அகலத்தை நீட்டினால் வீடு தயார். அதற்குப் பின் ‘ஐடி’ நத்தையாகத் தெரியும்.

பின்சேர்க்கை: இடிந்த வீடுகளை அடையாளமிடலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். திட்டம் கேட்டால் ஒழிய வேண்டாம். 2013 ஹையான் புயலுக்குப் பின் பிலிப்பைன்ஸில் மேலிருந்து பார்த்துச் சேதத்தைக் குறித்தார்கள். களத்தில் சரிபார்த்தபோது பல குறிப்புகள் பொருந்தவில்லை. கூரை முழுதாக இருக்க, அடியில் சுவர் நொறுங்கியிருந்தால் படம் எப்படிக் காட்டும்?

கூகுள் மேப்ஸைப் பார்த்து வரைவதற்கு உரிமை இல்லை. சொந்த ட்ரோன் படம் வைத்திருப்பவர்கள் அதை இடக்குறிப்புள்ள ஜியோடிஃப் கோப்பாக மாற்றி ஓப்பன்ஏரியல்மேப் என்ற திறந்த வான்படத் தளத்தில் ஏற்றலாம். எடுத்த தேதியைத் தவறாமல் எழுதுங்கள்: வெள்ளத்துக்கு முந்தைய படமா, பிந்தையதா என்பது அதை வைத்துத்தான் தெரியும்.