வீட்டுக்குப் புரொஜெக்டர்: கடைக்குப் போகும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

ஐபிஎல் நெருங்கும்போதும் தீபாவளித் தள்ளுபடி வரும்போதும் மதுரையில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது: புது டிவிக்குப் பதிலாக ஒரு புரொஜெக்டர் வாங்கிவிட்டால் என்ன? ஆசையில் தவறே இல்லை. 2,500 பேருக்கு மேல் உட்கார்ந்து படம் பார்த்த தங்கம் தியேட்டர் இருந்த ஊர் இது. சொந்த வீட்டுச் சுவரில் நூறு அங்குலப் படம் முதல் முறை விழும்போது வருகிற சந்தோஷம் உண்மையானது. அது ஒரு வாரத்தில் வடிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டிவியை எந்த அறையில் மாட்டினாலும் படம் ஏறக்குறைய அதே படம்தான். புரொஜெக்டர் அப்படி இல்லை. படத்தில் பாதியைக் கருவி கொடுக்கிறது என்றால் மீதியைச் சுவரும் ஜன்னலும் டியூப்லைட்டும் கொடுக்கின்றன, அல்லது கெடுக்கின்றன. வாங்கிய கொஞ்ச நாளில் பரணுக்குப் போய்விடும் புரொஜெக்டர்களில் பல நல்ல நிலையில்தான் இருக்கும். அந்த வீட்டில் யார், எந்த நேரத்தில், எந்த வெளிச்சத்தில் பார்ப்பார்கள் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

முதல் தவறு: இருட்டைப் பற்றி யோசிக்காதது

புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தைச் சுவரில் போட முடியாது. வெளிச்சத்தை மட்டும்தான் போட முடியும். படத்தில் கறுப்பாகத் தெரிவது வெளிச்சம் படாத சுவர். அந்தச் சுவர் ஏற்கெனவே டியூப்லைட்டில் வெளிறிக் கிடந்தால் கதாநாயகனின் தலைமுடியும் இரவுக் காட்சியும் சாம்பல் நிறத்தில்தான் தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு. நூறு அங்குலப் படம் என்பது 7 அடி 3 அங்குல அகலம், 4 அடி 1 அங்குல உயரம். நாலு முழ வேட்டியை விரித்தால் வருவதைவிடக் கொஞ்சம் நீளம். பரப்பு 2.75 சதுர மீட்டர். லூமன்ஸ் என்பது கருவி தரும் ஒளியின் அளவு; ஆன்சி என்பது அதை அளக்கும் ஒரு தர முறை. 300 ஆன்சி லூமன்ஸ் உள்ள புரொஜெக்டரின் ஒளியை இதில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 110 லூமன்ஸ் அளவுதான் கிடைக்கும். அதே அறையில் ஒரு 20 வாட் எல்இடி டியூப்லைட் எரிந்தால் அதிலிருந்து மட்டும் 2,000 லூமன்ஸ் வருகிறது. அறை முழுக்கப் பரவினாலும் அந்தச் சுவரில் சதுர மீட்டருக்கு 100 லூமன்ஸ் சுலபமாக விழுந்துவிடும். அப்போது படத்தின் வெள்ளைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் இரண்டே மடங்கு. அதைப் படம் என்று உட்கார்ந்து பார்க்க முடியாது.

நம் ஊர் வீடுகள் காற்றுக்காகக் கட்டப்பட்டவை. ஜன்னலுக்கு மேல் வென்டிலேட்டர் இருக்கும். மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் நடுவில் முற்றமே இருக்கும். கனமான திரைச்சீலை போட்டு ஜன்னலை மூடினாலும் வென்டிலேட்டர் வழியாகச் சூரியன் உள்ளே வந்துவிடும். அதையும் அடைத்தால் மே மாதத்தில் அந்த அறையில் ஏசி இல்லாமல் இரண்டரை மணி நேரம் உட்கார முடியாது. ஆக, பகலில் பார்க்கும் ஆசை இருந்தால் திரைச்சீலைக்கும் ஏசிக்கும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

நேரத்தையும் பாருங்கள். மாலை ஆறரைக்கு மேல் சீரியல் ஓடும்போது வீட்டில் எல்லா விளக்கும் எரியும். அம்மா ஒரு பக்கம் காய் நறுக்குவார், பிள்ளை இன்னொரு பக்கம் வீட்டுப்பாடம் எழுதும். பொங்கலின்போது அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நேரலை காலையிலேயே ஆரம்பித்துவிடும். இதற்கெல்லாம் டிவிதான் சரி. “டிவியை எடுத்துவிட்டுப் புரொஜெக்டர்” என்ற முடிவை நான் யாருக்கும் சொல்வதில்லை. இரவு ஏழரை மணி ஐபிஎல் ஆட்டமும் ஞாயிறு இரவு சினிமாவும்தான் உங்கள் தேவை, இருக்கிற டிவி அப்படியே இருக்கட்டும் என்றால் பேச்சு வேறு.

பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்புவது

ஆறாயிரம், ஏழாயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் விற்கும் சின்னப் புரொஜெக்டர்களின் பெட்டியில் 10,000 லூமன்ஸ், 20,000 லூமன்ஸ் என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணுக்கு எந்த அளவுகோலும் கிடையாது. ‘ஆன்சி லூமன்ஸ்’ அல்லது ‘ஐஎஸ்ஓ லூமன்ஸ்’ என்று எழுதியிருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி எதுவும் எழுதவில்லை என்றால் அந்த மாடலை விட்டுவிடுவது நல்லது.

பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு: கருவி எத்தனை வாட் என்று பாருங்கள். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமன்ஸ் வரை கொடுக்கும். 60 வாட் கருவியில் முழு மின்சாரமும் எல்இடிக்கே போனாலும் 9,000-ஐத் தாண்டாது. அதிலும் பெரும்பகுதியை உள்ளே இருக்கும் எல்சிடி பேனலும் கண்ணாடிகளும் தின்றுவிடும். சுவருக்கு வந்து சேர்வது சில நூறுதான்.

எது போதும்? நல்ல இருட்டில் 70, 80 அங்குலம் போதுமென்றால் 300 ஆன்சி லூமன்ஸ் சமாளிக்கும். இரவில் நூறு அங்குலம் நிறைவாகத் தெரிய 500 முதல் 800 வரை வேண்டும். மூலையில் ஒரு விளக்கு எரிய, பிள்ளைகள் நடமாட, கிரிக்கெட் பார்க்க வேண்டும் என்றால் 2,000-க்கு மேல் போக வேண்டும்; அங்கே விலையும் பல மடங்கு ஏறும்.

‘4கே சப்போர்ட்’ என்ற வார்த்தை

இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். ‘4கே சப்போர்ட்’, ‘1080பி சப்போர்ட்’ என்றால் அந்தத் தரத்தில் வரும் படத்தைக் கருவி வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே அர்த்தம். சுவரில் காட்டுவது எத்தனை புள்ளி என்பதற்கு ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ என்ற வரியைத் தேடிப் படிக்க வேண்டும். மலிவு மாடல்களில் அது 800 × 480 ஆகவோ 1280 × 720 ஆகவோ இருக்கும். நூறு அங்குலப் படத்தில் 1280 புள்ளி என்றால் ஒவ்வொரு புள்ளியும் 1.7 மில்லிமீட்டர். பத்தடி தூரத்தில் உட்கார்ந்தாலே எழுத்துகளின் ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியும். நேட்டிவ் 1920 × 1080-க்குக் கீழே நூறு அங்குலத்துக்குப் போக வேண்டாம்.

கருவி நன்றாக இருந்தாலும் உள்ளே வருகிற படம் நன்றாக இருக்க வேண்டுமே. கேபிளில் வரும் எஸ்டி (ஹெச்டி அல்லாத சாதாரண) சேனல்களின் படம் 720 × 576 புள்ளிதான். 32 அங்குல டிவியில் குறை தெரியாது. சுவர் அளவுக்கு இழுத்தால் முகங்களெல்லாம் கலங்கித் தெரியும். வீட்டில் அதிகம் ஓடுவது கேபிள் செட்டாப் பாக்ஸ்தான் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே யோசிக்கலாம்.

டேப் எடுத்து அளக்காதது

ஒவ்வொரு மாடலுக்கும் ‘த்ரோ ரேஷியோ’ என்று ஓர் எண் உண்டு. படத்தின் அகலத்தை அந்த எண்ணால் பெருக்கினால் லென்ஸ் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று வரும். 1.2 என்றால் நூறு அங்குலத்துக்கு 8 அடி 9 அங்குலம். 1.5 என்றால் ஏறக்குறைய 11 அடி. இதற்குப் பின்னால் கருவியின் நீளமும், வயருக்கும் காற்றுக்கும் இடமும் வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் 1.5 மாடலை வைத்து நூறு அங்குலம் வராது.

அப்புறம் சீலிங் ஃபேன். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. பின்சுவரை ஒட்டி மேலே புரொஜெக்டரை மாட்டினால், ஒளி முன்சுவருக்குப் போகும் வழியில் அறையின் நடுவே ஃபேன் இறக்கை சுற்றிக்கொண்டிருக்கும். படம் முழுக்க நிழல் வெட்டும். ஃபேனை நிறுத்திவிட்டு மதுரையில் எத்தனை நாள் படம் பார்க்க முடியும்? ஃபேன் சுற்றும் சீலிங்கிலேயே மாட்டினால் அதன் அதிர்வில் படம் லேசாக ஆடுவதும் உண்டு. எல்லிஸ் நகர் ஹவுசிங் போர்டு மாதிரியான ஃப்ளாட்களின் சின்ன ஹாலில் ஃபேனின் நிழலும் அதிர்வும் படாத இடம் கண்டுபிடிப்பது கஷ்டம். அங்கே தாழ்வான ஸ்டூலிலோ பின்சுவர் அலமாரியிலோ வைக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஓரமாக, சாய்த்து வைத்துவிட்டு ‘ஆட்டோ கீஸ்டோன்’ சரிசெய்துகொள்ளும் என்று நினைப்பதும் தவறு. கோணலை நேராக்கப் புள்ளிகளில் ஒரு பகுதியை அது அணைத்துவிடும். கூர்மையும் வெளிச்சமும் சேர்ந்தே குறையும். கொஞ்சம் போனால் பரவாயில்லை, நிறையப் போனால் காசு கொடுத்து வாங்கிய தரத்தை நாமே வெட்டிப் போடுகிறோம்.

சுவருக்கு மேட் வெள்ளை பெயின்ட் போதும். இளம்பச்சை, ரோஸ் சுவர்களில் முகத்தின் நிறமே மாறிவிடும். பளபளக்கும் ஃப்ளெக்ஸைத் திரையாகக் கட்டினால் நடுவில் மட்டும் ஒளி திரண்டு கண்ணை உறுத்தும்.

நெட்ஃபிளிக்ஸும் சத்தமும்

நெட்ஃபிளிக்ஸ் தான் அனுமதித்த கருவிகளில்தான் முழுத் தரத்தில் ஓடும். ஆண்ட்ராய்டு என்று போட்ட எல்லா புரொஜெக்டரும் அதில் சேராது. ஓடாவிட்டால் ஒரு டிவி ஸ்டிக் வாங்கிச் செருக வேண்டியிருக்கும். அதற்கான ஹெச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் ஐந்து வாட் ஸ்பீக்கர் ஃபேன் சத்தத்துக்கு ஈடுகொடுக்காது. புளூடூத் ஸ்பீக்கரில் பேச்சு உதட்டுக்குப் பின்னால் வரலாம். வயரில் இணைக்கும் சவுண்ட்பாருக்குப் பணம் ஒதுக்குங்கள்.

தூசி, வெயில், கரண்ட்

பல மாடல்களின் கையேட்டில் 35 டிகிரி வரை இயக்கலாம் என்றுதான் இருக்கும். சித்திரையில் இங்கே வெளியே நாற்பதைத் தாண்டுகிறது. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை இரவு ஒன்பது மணிக்கும் தகிக்கும். சூடு ஏறினால் கருவியின் ஃபேன் கத்தும், அப்புறம் தானே அணையும். தொடர்ந்து சூட்டில் ஓடினால் மலிவு எல்சிடி பேனல் மஞ்சளடிக்கும்.

தூசி இன்னொன்று. மலிவு மாடல்களில் ஒளி போகும் பாதை மூடியிருக்காது. ரோட்டுத் தூசி, தாளிப்புப் புகை, வெள்ளிக்கிழமை சாம்பிராணி எல்லாம் உள்ளே போய்ப் படிந்து, இருட்டுக் காட்சிகளில் மங்கலான பொட்டுகளாகத் தெரியும். அதைப் பிரித்துத் துடைப்பது வீட்டில் செய்கிற வேலை இல்லை. ‘சீல்டு ஆப்டிகல் எஞ்சின்’, அதாவது ஒளிப் பாதை தூசி புகாமல் மூடப்பட்டது, உள்ளதாகப் பார்த்து வாங்குவதும், பூஜை நேரத்தில் துணி போட்டு மூடி வைப்பதும் ஆயுளைக் கூட்டும்.

பழைய முறை லேம்ப் புரொஜெக்டரில் பல்பு 3,000 முதல் 5,000 மணி நேரம் வரும். எல்இடி, லேசர் வகைகள் 20,000 மணி நேரத்துக்கு என்று சொல்லப்படுகின்றன. லேம்ப் வகையில் படம் ஓடும்போது கரண்ட் போனால், பல்பைக் குளிரவைக்கும் ஃபேனும் சேர்ந்து நின்றுவிடும். அது பல்புக்குக் கெடுதல். அடிக்கடி கரண்ட் போகும் கிராமங்களில், உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ, இன்வெர்ட்டர் இல்லாமல் லேம்ப் வகை வேண்டாம். எந்த வகையானாலும் பில் போடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ரிப்பேர் என்றால் மதுரையில் பார்ப்பார்களா, சென்னைக்கு பார்சல் அனுப்ப வேண்டுமா? அனுப்பும் செலவு யாருடையது?

மொட்டை மாடிக் கனவு

மாடியில் பாய் விரித்துக் குடும்பத்தோடு படம் பார்ப்பதை நினைத்தே பலர் வாங்குகிறார்கள். நல்ல ஆசைதான், வருஷத்தில் சில இரவுகள் அருமையாக அமையும். ஆனால் ஏழு மணிக்கு மேல்தான் தெரியும், தெருவிளக்கு நேராக அடிக்கக் கூடாது, ஆடிக் காற்றில் திரை நிற்காது, மழை பெய்த மறுநாள் ஈசல் மொத்தமும் ஒளியைத் தேடி வரும். அந்தச் சில இரவுகளுக்காக மட்டும் என்றால் வாடகைக்கு எடுப்பதே மலிவு.

விலையை மட்டும் பார்ப்பது

கருவியின் விலையோடு மாட்டும் ஸ்டாண்டு, நீள ஹெச்டிஎம்ஐ கேபிள், சவுண்ட்பார், திரைச்சீலை, பெயின்ட் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள். 25,000 ரூபாய்ப் புரொஜெக்டர் சுலபமாக 40,000 ஆகிவிடும். அந்தக் காசுக்கு ஒரு 55 அங்குல 4கே டிவி வரும், பகலிலும் தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிக்கும் புரொஜெக்டருக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய எம்ஆர்பி-யைக் காட்டி ‘தள்ளுபடி’ என்றால் இதை நினைவில் வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஆசை குறையவில்லை என்றால், கல்யாண வீடியோ எடுப்பவர்களிடமோ மைக்செட் கடையிலோ ஒரு புரொஜெக்டரை ஒரு நாளைக்கு வாடகைக்குக் கேளுங்கள். அவர்கள் வைத்திருப்பதில் பல 3,000 லூமன்ஸுக்கு மேற்பட்டவை. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதிலேயே திருப்தி இல்லையென்றால் 500 லூமன்ஸில் நிச்சயம் இருக்காது. மாலை ஏழு மணிக்கு விளக்குகள் வழக்கம்போல் எரிய, வழக்கமான சேனலை ஓட விடுங்கள். பத்து மணிக்கு விளக்கை அணைத்து ஒரு சினிமா. ஃபேன் சுற்றட்டும். சில வகைக் கருவிகளில் சிலருடைய கண்ணுக்கு மட்டும் வானவில் கீற்று தெரியும், தலைவலியும் வரும். வீட்டில் உள்ள எல்லோரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். மறுநாள் திருப்பிக் கொடுக்கும் முன் காலை பத்து மணி வெளிச்சத்திலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.