2020 கல்லூரி ஃபுட்பால் சீசனை அட்டவணையில் ஏற்றுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் முடிவுகளைத் தொகுத்து அட்டவணை போட, ரேட்டிங் கணக்கிடப் புதிதாக வருகிறவர்கள், மற்ற ஆண்டுகளை எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு 2020-இல் வந்து சறுக்குகிறார்கள். நான் சறுக்கிய அதே இடங்களில்தான். அதனால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் டிவிஷன் 1 என்பது வேறு, ஒரு கான்ஃபரன்ஸுக்குள் (தங்களுக்குள் ஆடி ஒரு சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் அணிகளின் கூட்டமைப்பு) இருக்கும் கிழக்கு, மேற்கு டிவிஷன் வேறு என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அந்த மாதிரி குழப்பத்தை முதல் வாரத்திலேயே யாராவது திருத்திவிடுவார்கள். பார்க்கச் சரியாக இருந்துகொண்டு உள்ளே எல்லாவற்றையும் கெடுக்கிறவைதான் ஆபத்து.

வார எண்ணை நம்புவது

கொரோனா காரணமாக 2020 ஆகஸ்ட் 8-ஆம் தேதி மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் சீசனைத் தள்ளிவைத்தது. 10-ஆம் தேதி மவுண்டன் வெஸ்ட். 11-ஆம் தேதி பிக் டென், பாக்-12 இரண்டும். எஸ்இசி, ஏசிசி, பிக் 12 என்ற மூன்று கான்ஃபரன்ஸ்களும் ஆடியே தீருவோம் என்று நின்றன. அப்புறம் தள்ளிவைத்தவர்கள் செப்டம்பரில் ஒவ்வொருவராக மனம் மாறினார்கள். ஆக ஏசிசி செப்டம்பர் நடுவில், எஸ்இசி செப்டம்பர் 26-இல், பிக் டென் அக்டோபர் கடைசியில், பாக்-12 நவம்பர் 7-இல் என்று ஆளுக்கொரு நாளில் தொடங்கினார்கள். பாக்-12 அணிகள் முதல் ஆட்டத்துக்கு இறங்கியபோது அலபாமா ஆறு ஆட்டம் முடித்திருந்தது. இதில் '10-வது வாரம்' என்று ஒரு நெடுவரிசை வைத்து எல்லோரையும் ஒப்பிட்டால் என்ன வரும்? வார எண்ணைத் தூக்கிவிட்டு, அந்த அணியின் எத்தனையாவது ஆட்டம் என்று வையுங்கள். சீசன் முடிவில் அலபாமா 13-0 (13 வெற்றி, தோல்வியே இல்லை), அதனிடம் தேசிய இறுதியில் 52-24 என்று தோற்ற ஓஹையோ ஸ்டேட் 7-1. ஆட்டங்களில் முன்னேறிய மொத்த யார்டுகளை வைத்து இவர்களை வரிசைப்படுத்தியவர்களும் உண்டு.

அணிக்கு எதிரே டிவிஷனை ஒரே தடவை எழுதி வைப்பது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டும் தவறு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெரும்பாலானோர் முதலில் செய்வது ஒரு பட்டியல்: அணியின் பெயர், கான்ஃபரன்ஸ், டிவிஷன். கிளெம்சன், ஏசிசி, அட்லாண்டிக். மியாமி, ஏசிசி, கோஸ்டல். நோட்டர் டேம், கான்ஃபரன்ஸ் எதுவும் இல்லாத தனி அணி. பிறகு ஆட்டங்களின் பட்டியலை இதோடு இணைத்துவிடுவார்கள். அழகாக வேலை செய்யும், எந்தப் பிழைச் செய்தியும் வராது.

ஆனால் 2020-இல் ஏசிசிக்கு டிவிஷனே கிடையாது. அட்லாண்டிக், கோஸ்டல் இரண்டையும் அந்த ஆண்டுக்கு ஓரங்கட்டிவிட்டு, ஒரே வரிசையில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் இறுதி ஆட்டத்துக்குப் போவார்கள் என்று வைத்தார்கள். அதைவிடப் பெரிய செய்தி, காலம் காலமாகத் தனியாகவே ஆடிவந்த நோட்டர் டேம், மற்ற கான்ஃபரன்ஸ்கள் வெளி ஆட்டங்களை (தங்கள் கான்ஃபரன்ஸில் இல்லாத அணிகளோடு ஆடுவதை) கைவிட்டதால் எதிராளி கிடைக்காமல், அந்த ஒரு சீசனுக்கு மட்டும் ஏசிசியின் பதினைந்தாவது அணியாகச் சேர்ந்தது. தன் என்பிசி ஒளிபரப்பு வருமானத்தையும் பொதுவில் பங்கு போட்டது. பட்டம் வெல்லவும் அதற்குத் தகுதி இருந்தது.

சரி, இப்போது அந்தப் பழைய பட்டியலை 2020 ஆட்டங்களோடு இணைத்துப் பாருங்கள். நவம்பர் 7 அன்று நோட்டர் டேம் இரண்டு ஓவர்டைம் ஆடி கிளெம்சனை 47-40 என்று வென்றது. கிளெம்சனின் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் டிரெவர் லாரன்ஸ் கோவிட் தொற்றால் அன்று ஆடவில்லை. நோட்டர் டேமைத் தனி அணி என்று வைத்திருப்பதால் உங்கள் அட்டவணை இதை வெளி ஆட்டம் என்று எடுத்துக்கொள்ளும். கான்ஃபரன்ஸ் கணக்கில் 8-1 ஆக இருந்த கிளெம்சன் உடனே 8-0 ஆகிவிடும். 9-0 என்று முதலிடத்தில் முடித்த நோட்டர் டேம் பட்டியலிலேயே இருக்காது.

வேடிக்கை இதோடு முடியவில்லை. வட கரோலைனாவின் உண்மையான கணக்கு 7-3. அதில் ஒரு தோல்வி நோட்டர் டேமிடம். அது காணாமல் போனதும் 7-2. மியாமியும் 7-2. இருவரும் நேருக்கு நேர் மோதியதில் வட கரோலைனா 62-26 என்று நொறுக்கியிருக்கிறது. ஆகவே உங்கள் அட்டவணை, இல்லாத கோஸ்டல் டிவிஷனுக்கு வட கரோலைனாவைச் சாம்பியனாக்கி, நடக்காத ஓர் இறுதி ஆட்டத்துக்கு அனுப்பி வைக்கும். உண்மையில் சார்லட்டில் நடந்த இறுதியில் கிளெம்சன் 34-10 என்று நோட்டர் டேமை வென்றது. அதையும் உங்கள் அட்டவணை வெளி ஆட்டம் என்றுதான் சொல்லும்.

எங்களோடு வேலை செய்த ஒரு தம்பி அச்சு அசலாக இதையே செய்து, மேலே அழகான வரைபடமும் போட்டு வெளியிட்டுவிட்டார். கிளெம்சன் ரசிகர் ஒருவர்கூடத் திருத்தச் சொல்லவில்லை, தோல்வியே இல்லாத கணக்கு யாருக்குக் கசக்கும்? நோட்டர் டேம் ரசிகர் ஒருவர்தான் கடுப்பாக எழுதினார். அதற்குள் அந்த அட்டவணையை அடிப்படையாக வைத்து கான்ஃபரன்ஸ் வலிமை, டிவிஷன் வலிமை, எதிராளி வலிமை என்று அடுக்கடுக்காகக் கணக்குகள் போட்டாகிவிட்டது. எல்லாவற்றையும் கலைத்து மறுபடி ஓட்டினோம். அடுத்து வந்தவரும் அதே பட்டியலோடுதான் வந்தார். இந்தத் தடவை அது இன்றைய பட்டியல். ஆரிகனும் யுஎஸ்சியும் 2024-இல் பிக் டென்னுக்குப் போய்விட்டார்கள் அல்லவா, அதனால் 2020-இன் பாக்-12 இறுதி ஆட்டம் பிக் டென் ஆட்டமாகக் காட்சி தந்தது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

செய்ய வேண்டியது கடினமே இல்லை. அணி, சீசன் இரண்டும் சேர்ந்துதான் ஒரு வரிசை. கான்ஃபரன்ஸும் டிவிஷனும் அந்த ஜோடிக்குச் சொந்தம், அணிக்கு அல்ல. டிவிஷன் இல்லாத ஆண்டுக்கு 'இல்லை' என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். காலியாக விட்டால் அடுத்து வரும் புண்ணியவான் அதை 'விடுபட்டது' என்று நினைத்துப் போன வருடத்து டிவிஷனைப் போட்டு நிரப்புவார். இதோடு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 'கான்ஃபரன்ஸ் கணக்கில் சேரும், சேராது' என்று தனியாக ஒரு குறி வேண்டும். ஒரே கான்ஃபரன்ஸ் அணிகள் மோதினாலும் அது கணக்கில் வராமல் போகலாம். 2019-இல் வேக் ஃபாரெஸ்டும் வட கரோலைனாவும், இரண்டுமே ஏசிசி அணிகள்தான், மோதிய ஆட்டம் வெளி ஆட்டமாகவே எண்ணப்பட்டது.

ஏசிசி மட்டுமல்ல. மவுண்டன் வெஸ்டும் 2020-இல் டிவிஷன்களைத் தூக்கி வைத்தது. எஸ்இசி, பிக் டென், பாக்-12 எல்லாம் வைத்துக்கொண்டன. ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எழுத வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

டிவிஷனில் முதலிடம் என்றால் இறுதிக்குப் போயிருப்பார்கள் என்று நினைப்பது

பாக்-12 வடக்கை வென்றது வாஷிங்டன். தொற்றால் அவர்களால் அணியைத் திரட்ட முடியவில்லை. இரண்டாமிடத்தில் இருந்த ஆரிகன் 3-2 என்ற கணக்கோடு உள்ளே வந்து, யுஎஸ்சியை 31-24 என்று வென்று கான்ஃபரன்ஸ் சாம்பியன் ஆனது. டிவிஷனை வெல்லாத சாம்பியன். உங்கள் நிரல் இதைப் பிழை என்று சொன்னால் நிரலைத் திருத்துங்கள், தரவைத் தொடாதீர்கள்.

பிக் டென்னில் வேறு கதை. இறுதிக்குப் போகக் குறைந்தது ஆறு ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்று அவர்களே விதி போட்டார்கள். ஓஹையோ ஸ்டேட்டுக்கு மேரிலாண்ட், இல்லினாய், மிச்சிகன் என்று மூன்று ஆட்டம் ரத்தாகி 5-0 என்று நின்றது. விதிப்படி போனால் கிழக்கிலிருந்து 6-1 என்றிருந்த இண்டியானா போக வேண்டும், அந்த ஒரு தோல்வியே ஓஹையோ ஸ்டேட்டிடம் 42-35 என்று வந்ததுதான். டிசம்பர் 9 அன்று கான்ஃபரன்ஸ் விதியையே எடுத்துவிட்டது. ஓஹையோ ஸ்டேட் போய் நார்த்வெஸ்டர்னை 22-10 என்று வென்றது. நேருக்கு நேர் வென்ற அணியை வீட்டில் உட்கார வைப்பதும் நியாயமில்லைதான், ஆனால் நடுவழியில் விதியை மாற்றியது எனக்குப் பிடிக்கவில்லை. எப்படியானாலும் விதி என்ற நெடுவரிசையில் தேதியும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சன் பெல்ட்டில் இறுதி ஆட்டமே ரத்து. கோஸ்டல் கரோலைனாவும் லூசியானாவும் கூட்டுச் சாம்பியன்கள். சாம்பியன் நெடுவரிசையில் இரண்டு பெயர் இடம்பெற வழி வையுங்கள்.

ரத்தான ஆட்டத்தைத் தோல்வியாக எழுதுவது

நவம்பர் 21 அன்று கிளெம்சன் அணி ஃபுளோரிடா ஸ்டேட்டின் ஊரான டாலஹாசி வரை போய் இறங்கியாயிற்று. ஆட்டம் தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது, இரு பக்க மருத்துவக் குழுக்களும் ஒத்துப்போகாததால் ஃபுளோரிடா ஸ்டேட்டுடனான ஆட்டம் நின்றது. கிளெம்சன் பயிற்சியாளர் டாபோ ஸ்வினி, எதிரணி ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாகத்தான் எண்ண வேண்டும் என்று கொதித்தார். அவர் கொதித்தாலும் கணக்கில் அது வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. 2021-இல்தான் பெரிய கான்ஃபரன்ஸ்கள், ஆட முடியாத அணிக்குத் தோல்வி என்று மாற்றின. இரண்டு ஆண்டுக்கும் ஒரே விதியைப் போடாதீர்கள்.

வெளி ஆட்டம் ஆடாத கான்ஃபரன்ஸ்களை ரேட்டிங்கில் ஒப்பிடுவது

எஸ்இசியும் பிக் டென்னும் வழக்கமான சீசனில் வெளி அணிகளோடு ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ரேட்டிங் முறைகள் எல்லாம் 'இவன் அவனை வென்றான், அவன் இன்னொருவனை வென்றான்' என்ற சங்கிலியை நம்பியவை. இங்கே சங்கிலியே அறுந்திருக்கிறது. தெருவுக்குத் தெரு தனித்தனியாகக் கோலப் போட்டி வைத்துவிட்டு, எந்தத் தெருக் கோலம் ஊரிலேயே சிறந்தது என்று மதிப்பெண்ணை வைத்துச் சொல்வது போலத்தான். கணினி ஏதோ ஓர் எண்ணைத் துப்பும், அது பெரும்பாலும் போன சீசனின் எண்ணைச் சுமந்துகொண்டு வந்ததாக இருக்கும். டிசம்பர் கடைசியில் பவுல் ஆட்டங்கள் (வழக்கமான சீசனுக்குப் பிறகு அழைப்பின் பேரில் நடப்பவை) தொடங்கிய பிறகுதான் ஏதோ கொஞ்சம் இணைப்பு கிடைத்தது. அதிலும் எத்தனையோ பவுல்கள் ரத்து. 2020 ரேட்டிங்கைப் போடுங்கள், ஆனால் பிழை வரம்பைப் பெரிதாகப் போடுங்கள்.

பவுல் ஆடியதால் நல்ல அணி என்பது

மிசிசிப்பி ஸ்டேட் 3-7 என்ற கணக்கோடு பவுலுக்குப் போனது. வென்றும் விட்டது.

சொந்த மைதானம்

மைதானத்தின் பெயரைப் பாருங்கள், 'உள்ளூர்' என்ற குறியை அல்ல. நவம்பர் கடைசியிலிருந்து சான் ஹோசே ஸ்டேட்டை அதன் கவுண்டி (மாவட்ட) நிர்வாகம் ஊரில் ஆட விடவில்லை, ஹவாய்க்கு எதிரான 'சொந்த' ஆட்டத்தை ஹவாயிலேயே ஆடியது. நியூ மெக்சிகோ லாஸ் வேகஸ் பக்கம் குடிபெயர்ந்தது. ரோஸ் பவுல் ஆட்டம் அந்தத் தடவை கலிஃபோர்னியாவில் இல்லை, டெக்சஸின் ஆர்லிங்டனில் நடந்தது.

எல்லாவற்றுக்கும் கொரோனாவையே காரணம் காட்டுவது

யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) 2020-இல் அமெரிக்கன் கான்ஃபரன்ஸை விட்டு விலகியது, அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் தேதி சீசனையும் ரத்து செய்தது. இரண்டையும் முடிச்சுப் போடுகிறார்கள். விலகும் முடிவு 2019-லேயே எடுத்தது.

அதேபோல் 'பெருந்தொற்று டிவிஷன்களை ஒழித்தது' என்பதும் பாதி உண்மைதான். ஏசிசி 2021-லேயே டிவிஷனுக்குத் திரும்பிவிட்டது, கோஸ்டலின் பிட்ஸ்பர்க் அட்லாண்டிக்கின் வேக் ஃபாரெஸ்டை 45-21 என்று வென்று பட்டம் பெற்றது. டிவிஷன் கட்டாயத்தை என்சிஏஏ நீக்கியது 2022 மே மாதத்தில். பாக்-12 உடனே கைவிட்டது, ஏசிசி 2023-இல், எஸ்இசியும் பிக் டென்னும் 2024-இல். சன் பெல்ட் அதற்குப் பிறகும் கிழக்கு மேற்கை விடவில்லை. முதல் இரண்டு அணிகளை நேராக மோதவிட்டால் எப்படியிருக்கும் என்று 2020 காட்டியது என்று வேண்டுமானால் சொல்லலாம். அதற்குமேல் சொன்னால் ஆதாரம் கேட்பேன்.

ஐவி லீக் (ஹார்வர்ட், யேல் போன்றவற்றின் கான்ஃபரன்ஸ்) அணிகளுக்கு 0-0 என்று எழுதுவது

0-0 இல்லை. அவர்கள் 2020-இல் ஆடவே இல்லை.

2021-இல் நடந்ததால் 2021 சீசன் என்பது

டிவிஷன் 1-இன் இரண்டாம் அடுக்கான எஃப்சிஎஸ் பிரிவின் பெரும்பகுதி 2020 சீசனை 2021 வசந்தத்தில் ஆடியது. பிளேஆஃப் 24 அணிகளிலிருந்து 16 ஆகக் குறைந்தது. சாம் ஹியூஸ்டன் 23-21 என்று சவுத் டகோட்டா ஸ்டேட்டை வென்று பட்டம் வாங்கியது 2021 மே 16. அது 2020-இன் பட்டம். நார்த் டகோட்டா ஸ்டேட்டின் 39 தொடர் வெற்றிகளை சதர்ன் இல்லினாய் முறித்தது 2021 பிப்ரவரியில், அதுவும் 2020 சீசன்தான். அந்த நார்த் டகோட்டா ஸ்டேட் 2020 அக்டோபரில் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு மாதக்கணக்கில் சும்மா இருந்தது. தேதியிலிருந்து சீசனைக் கணக்கிடும் சூத்திரம் ஏதாவது வைத்திருந்தால், இந்த ஒரு அணியை ஓட்டிப் பாருங்கள். இரண்டாகப் பிளந்து வந்தால் சூத்திரத்தை அழித்துவிட்டு சீசனைக் கையால் எழுதுங்கள்.